அடுக்குகளுக்கு நடுவே ஓடும் வெடிப்பு

முல்லைத்தீவுக் கரையோரம், கொக்கிளாயிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் படகுகளில் பெரும்பாலானவை கண்ணாடி நாரும் பொலியெஸ்ரர் றெசினும் சேர்ந்த கூட்டுப்பொருளால் ஆனவை. மரவள்ளம் உளுத்துப்போவதும் இரும்பு துருவேறுவதும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். பைபர் படகு அப்படிப் பழுதாவதில்லை. வெளிப்பூச்சு மினுமினுப்பாக இருக்கும்போதே உள்ளே இரண்டு அடுக்குகளுக்கு இடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டு விட்டிருக்கும். அந்த இடம் பல மாதங்கள் அசையாமல் கிடந்துவிட்டு, ஒரு வாடைக் காலத்துக்குள் முழக் கணக்கில் விரிந்துவிடும். அடுக்குப் பிரிவு என்று நான் இங்கே எழுதப்போவது இதைத்தான். அது எங்கே தொடங்கும், எப்போது ஓடும், எவ்வளவு தூரம் ஓடி நிற்கும் என்பவற்றை முன்கூட்டியே கணிக்கும் அறிவு கடந்த நூறு ஆண்டுகளில் படிப்படியாக உருவாகியிருக்கிறது. பொருள் எவ்வளவு வலிமையானது என்ற எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கணிப்பைச் செய்ய முடியாது. ஏற்கெனவே இருக்கும் ஒரு வெடிப்பை மேலும் ஒரு சதுர மீற்றர் திறப்பதற்கு எவ்வளவு சக்தி செலவாகும் என்ற அளவு தெரிந்திருக்க வேண்டும். நான் பார்த்த எந்தப் படகுப் பட்டறையிலும் அந்த அளவை அளந்து வைக்கும் வழக்கம் இல்லை. இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படகு கட்டும் விதத்தை அறியாதவர்களுக்காக அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அச்சுக்கு மெழுகு பூசி, ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சை அடித்து, அது இறுகியதும் சிறு துண்டு நார்கள் எல்லாத் திசையிலும் கிடக்கும் மட் ஒன்றை விரித்து, இறுகச் செய்யும் கோபால்ற்றும் ஹாட்னரும் கலந்த றெசினைத் தூரிகையால் ஊட்டி, உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவார்கள். அதன்மேல் பாய்போலப் பின்னப்பட்ட றோவிங், மீண்டும் மட், மீண்டும் றோவிங் என்று தடிப்பு ஏறிக்கொண்டே போகும். நார்கள் யாவும் படகின் சுவரோடு ஒட்டிப் படுத்திருக்கின்றன. சுவரின் தடிப்பினூடாக, ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குச் செல்லும் நார் என்று ஒன்றுமே கிடையாது. அங்கே இருப்பது றெசின் மட்டுந்தான். படகின் வலிமை முழுவதும் ஒரு திசையிலும் பலவீனம் முழுவதும் மற்றத் திசையிலும் போய்ச் சேர்வது இதனால்தான். விமானத்தின் காபன் நார் இறக்கையும் பளையில் சுழலும் காற்றாலையின் அலகும் வேறு நாராலும் வேறு றெசினாலும் செய்யப்பட்டிருந்தாலும் இந்த அமைப்பில் அவை நம் படகின் உறவுதான்.

கள்ளப்பாட்டுப் பக்கத்தில் படகு திருத்தும் ஓர் அண்ணையின் வேலையை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். கவிழ்த்து வைத்த படகின் அடிப்பக்கத்தில் ஐந்து ரூபாய்க் குற்றியொன்றை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து, அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடத்தில் 'டிக், டிக்' என்று கூர்மையாகக் கேட்கும் ஒலி, ஓரிடத்தில் மங்கி, பொத்தென்று விழும். அந்த எல்லையில் சோக்கட்டியால் ஒரு புள்ளி வைப்பார். நாலா பக்கமும் தட்டிப் புள்ளிகளைச் சேர்த்தால் முட்டை வடிவில் ஒரு கோடு வரும். "தட்டிப் பாருங்கோ தம்பி, இதில சத்தம் செத்துக் கிடக்கு. உள்ளுக்க ஒட்டு விட்டிட்டுது," என்றார். உடனே திறக்க வேண்டுமா என்று கேட்டேன். கையை விரித்து அந்தக் கோட்டின்மேல் வைத்து அளந்தார். "ஒரு சாணுக்குக் குறைவெண்டா இந்தச் சோழகத்துக்கு விடலாம். சாண் தாண்டினதை வாடைக்கு முந்தித் திறந்து ஒட்ட வேணும். இல்லாட்டி வயிறு முழுக்க உரிஞ்சு போடும்."

சோழகம் தென்மேற்குக் காற்றுக் காலம், வாடை வடகீழ்க் காற்றுக் காலம். அவருடைய இந்தப் பேச்சில் பிரிந்த இடத்தின் அளவும் வரப்போகும் கடலின் விசையும் இருக்கின்றன. முறிவுப் பொறியியலின் சமன்பாடுகளில் முதலில் வந்து நிற்பவையும் இந்த இரண்டுதான். நம்முடைய தொழிலாளரின் கைப்பழக்கத்துக்கும் ஆய்வுகூடத்துக் கணக்குக்கும் இடையே உள்ள தூரம் பலரும் நினைப்பதைவிடக் குறைவு என்பதை இந்தப் பாடத்தை ஆழமாகப் படிக்கப் படிக்க உணர்கிறேன்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 25 மில்லிமீற்றர் அகலமும் 6 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள ஒரு கண்ணாடி நார்ப் பட்டியை எடுத்துக்கொள்வோம். நார்த் திசையில் அதன் இழுவை வலிமை 200 மெகாபஸ்கால் என்று வைத்தால், அதை இழுத்து அறுக்க 30,000 நியூற்றன், அதாவது ஏறத்தாழ 3 தொன் நிறை வேண்டும். இப்போது அதே பட்டியின் ஒரு முனையில், தடிப்பின் சரிநடுவில், 50 மில்லிமீற்றர் நீளத்துக்கு அடுக்குகள் பிரிந்திருப்பதாகக் கொள்வோம். பிரிந்த இரு கைகளையும் மேலும் கீழுமாக இழுக்கிறோம். பொருளின் விறைப்பைச் சொல்லும் மீள்தன்மை மட்டு 15 கிகாபஸ்கால் என்றும், வெடிப்பைத் திறக்கத் தேவைப்படும் முறிவுச் சக்தி சதுர மீற்றருக்கு 300 யூல் என்றும் வைத்துக் கணித்தால், வெடிப்பு முன்னேறத் தொடங்கும் விசை 50 நியூற்றன் மட்டுமே. 5 கிலோ அரிசிப் பை ஒன்றைத் தொங்கவிட்டாலே போதும். 3 தொன் தாங்கும் பட்டி 5 கிலோவுக்குப் பிளக்கிறது. வெடிப்பு 100 மில்லிமீற்றர் ஆகிவிட்டால் இரண்டரைக் கிலோவே போதும். நான் எடுத்துக்கொண்ட மீள்தன்மை மட்டு, முறிவுச் சக்தி ஆகிய இரண்டும் எடுகோள்கள்தான். உங்கள் றெசினுக்கு அவை மாறும். ஆனால் இரு விசைகளுக்கும் இடையிலுள்ள மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு மாறாது.

இப்படிச் சிந்திக்கலாம் என்று முதலில் காட்டியவர் இங்கிலாந்தின் பான்பரோ விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய கிறிபித். 1921 இல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரை கண்ணாடியைப் பற்றியது. வெடிப்பின் கூர்முனையில் தகைப்பு, அதாவது ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை, கணக்கிலடங்காமல் உயர்கிறது என்றால், மிகச் சிறிய விசைக்கே எல்லாம் உடைந்திருக்க வேண்டுமே என்ற புதிருக்கு அவர் சக்தியின் வழியாக விடை கண்டார். வெடிப்பு சிறிது நீளும்போது பொருளில் தேங்கியிருந்த மீள்சக்தியில் ஒரு பகுதி விடுபடுகிறது. புதிய மேற்பரப்புகளை உண்டாக்க ஒரு பகுதி செலவாகிறது. விடுபடுவது செலவாவதைவிடக் குறைவாக இருக்கும்வரை வெடிப்பு அசையாது. அதே கட்டுரையில் மிக மெல்லிய கண்ணாடி இழைகள் தடித்த கண்ணாடியைவிடப் பன்மடங்கு வலிமையானவை என்றும் அவர் அளந்து காட்டினார். நம் படகுகளைத் தாங்கும் நாரின் வலிமையும் அவற்றைப் பிளக்கும் வெடிப்பின் விதியும் ஒரே கட்டுரைக்குள் இருந்தன என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 1950களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தைச் சேர்ந்த இர்வின் இந்த எண்ணத்தைப் பொறியியலாளர் கையாளக்கூடிய அளவாக்கினார். வெடிப்பு ஓர் அலகுப் பரப்புத் திறக்கும்போது விடுபடும் சக்தியை வெளியீட்டுச் சக்தி என்று இங்கே குறிப்பிடுகிறேன். அது முறிவுச் சக்தியை எட்டும் கணத்தில் அடுக்குகள் பிரியும். மற்றவை யாவும் இந்த ஒரு நிபந்தனையின் விரிவுகளே.

மேலே சொன்ன பட்டிச் சோதனை உலகெங்கும் நியமமாக உள்ளது. அமெரிக்க நியமம் 1994 முதலும் சர்வதேச நியமம் 2001 முதலும் நடைமுறையில் இருக்கின்றன. அதன் சமன்பாட்டை வார்த்தையில் சொன்னால், வெளியீட்டுச் சக்தி சுமையின் வர்க்கத்தோடும் வெடிப்பு நீளத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. அகலத்தின் வர்க்கத்தோடும், ஒரு கையின் தடிப்பின் மும்மடியோடும், மீள்தன்மை மட்டோடும் குறைகிறது. இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. நிறையைத் தொங்கவிட்டு இழுத்தால், வெடிப்பு சிறிது நீண்டதும் வெளியீட்டுச் சக்தி மேலும் உயர்கிறது. ஆகவே வெடிப்பு ஓடத் தொடங்கினால் பட்டி இரண்டாகும்வரை நிற்காது. நிறைக்குப் பதிலாக ஒரு திருகாணியைத் திருகிக் கைகளை அளந்த தூரத்துக்கு மட்டும் விரித்தால், வெளியீட்டுச் சக்தி வெடிப்பு நீளத்தின் நான்காம் படியோடு (வர்க்கத்தின் வர்க்கத்தோடு) குறைகிறது. சிறிது ஓடி, பசி தணிந்து, நின்றுவிடும். அதே பொருள், அதே வெடிப்பு. சுமை வரும் விதம் மட்டும் வேறு. படகை உழவு இயந்திரத்தால் மணலில் இழுக்கும்போது அடிப்பக்கம் ஒரு மேட்டில் ஏறி வளைவது இரண்டாவது வகையைச் சார்ந்தது. அலையின் அடி முதலாவது வகையை நெருங்குகிறது. சுவர் விட்டுக்கொடுத்தாலும் நீரின் அழுத்தம் விட்டுக்கொடுக்காது. கரையில் பிடிபட்ட காயம் சிறிதாகவே கிடந்து, கடலில் திடீரென விரிவதற்கு இது ஒரு காரணம்.

அடுக்குகள் வாய் பிளப்பதுபோல் விலகித்தான் பிரிய வேண்டும் என்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியும் பிரியலாம். பக்கவாட்டில் கிழிவதுபோலவும் பிரியலாம். வளையும் தகட்டின் நடுத்தடிப்பில், அடுக்குகளை வழுக்கச் செய்யும் கொய்வுத் தகைப்பு உச்சத்தில் இருப்பதால் அங்கே வழுக்கும் வகையே முந்தும். போரில் காலை இழந்தவர்கள் வன்னியில் அனேகர். செயற்கைப் பாதங்களில் காபன் நாரால் செய்யப்படுபவை மெல்லிய அடுக்கு வில்களாகவே வேலை செய்கின்றன. ஒவ்வோர் அடியிலும் வளைந்து மீளும் அந்த வில்லின் நடு அடுக்கில் வழுக்கல் பிரிவு வந்தால் பாதத்தின் விறைப்புக் குறையும், நடக்கையில் ஒரு சொடுக்குச் சத்தமும் கேட்கக்கூடும். அந்தச் சத்தத்தைக் கேட்டவுடன் பாதத்தைக் காட்டிப் பரிசோதிப்பது அவசியம்.

பொதுவாக வழுக்கலுக்கான முறிவுச் சக்தி, வாய் பிளத்தலுக்கானதைவிடப் பெரியது. விமானங்களுக்கான எபொக்சி றெசினில் இரண்டு, மூன்று மடங்கு வேறுபாடு சாதாரணம். உண்மையான கட்டமைப்பில் இரண்டும் கலந்தே வருவதால் கலவைக்கேற்ற முறிவுச் சக்தி தேவைப்படுகிறது. இரண்டையும் விரும்பிய விகிதத்தில் கலந்து சோதிக்கும் நெம்புகோல் அமைப்பை நாசாவில் றீடரும் குறூசும் உருவாக்கினர். 1996 இல் பென்செகாவும் கெனானும் அந்த அமைப்பைக் கொண்டு கண்ணாடி நார் எபொக்சியைச் சோதித்துத் தந்த சூத்திரமே இன்று கணினி மென்பொருள்களில் பரவலாக இருக்கிறது. வழுக்கலின் பங்கு கூடக் கூட முறிவுச் சக்தி எந்த வளைகோட்டில் உயர்கிறது என்பதை ஒரேயொரு அடுக்குக்குறியால் அது சொல்லிவிடுகிறது.

அண்ணையின் 'ஒரு சாண்' இந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. பிரிந்த மெல்லிய தோல் தன்னளவில் ஒரு தனித் தகடு. சுவர் வளைந்து அந்தப் பக்கம் நெருக்கத்துக்கு உள்ளாகும்போது, அந்தத் தோல் ஓர் எல்லைக்குப் பிறகு புடைத்து எழும். புடைக்கத் தேவையான தகைப்பு பிரிந்த இடத்தின் விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதசமம். விட்டம் இரட்டித்தால் கால்வாசித் தகைப்பிலேயே புடைத்துவிடும். புடைக்கும்வரை ஓரத்தில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. புடைத்ததும் ஓரம் வாய் பிளக்கும் வகைக்கு மாறுகிறது. முறிவுச் சக்தி மிகக் குறைவான வகையும் அதுவே. ஆகவே சாணுக்குக் குறைந்தது சாதுவாகக் கிடப்பதும் சாணைத் தாண்டியது பாய்வதும், அவர் கட்டும் தடிப்புக்கும் அந்தக் கடலுக்கும் பொருந்திய ஓர் உண்மையான வரம்பு. தடிப்புக் குறைந்த படகுக்கு அந்த வரம்பு சாணைவிடச் சிறிதாக இருக்க வேண்டும்.

கணினியில் இதைக் கணிக்க இரண்டு வழிகள் வேரூன்றியுள்ளன. 1977 இல் றிபிக்கியும் கனினனும் வெளியிட்ட முறையில், வெடிப்பு முனையிலுள்ள கணுவில் (கணினி மாதிரியின் ஒரு புள்ளியில்) அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் விசையையும், முனைக்குச் சற்றுப் பின்னால் அவை விலகியிருக்கும் தூரத்தையும் பெருக்கி, திறக்கப்படும் பரப்பின் இரு மடங்கால் வகுத்தால் வெளியீட்டுச் சக்தி கிடைக்கும். மிக எளிமையானது, ஆனால் வெடிப்பு எங்கே இருக்கிறது என்று நாம் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். மற்ற வழியின் வேர் 1960 இல் டக்டேலும் 1962 இல் பரன்பிளாட்டும் எழுதியவற்றில் இருக்கிறது. அடுக்குகளுக்கு நடுவே கற்பனையாக ஒரு மெல்லிய பிடிமானத்தை வைத்து, விலகல் கூடும்போது அதன் தகைப்பு ஓர் உச்சத்துக்கு ஏறிப் பின் சரிந்து பூச்சியமாவதாகக் கொள்கிறோம்; அந்த வளைகோட்டின் கீழுள்ள பரப்பே முறிவுச் சக்தி. இது வெடிப்பின் பிறப்பையும் கணிக்கும். அதற்கான விலை கணினி நேரம். நொய்மையான எபொக்சியில் இந்தச் சரிவு நடக்கும் பகுதி மில்லிமீற்றர் அளவிலேயே இருப்பதால் அதற்குள் பல மூலகங்கள், அதாவது கணக்குக்காகக் கணினி பொருளைப் பிரிக்கும் சிறு துண்டுகள், பொருந்த வேண்டும். அரை மில்லிமீற்றர் மூலகத்தால் 6 மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றர் அகலமும் உள்ள பரப்பை நிரப்பினால் ஒரேயொரு அடுக்கிடைக்கே 3 கோடி 60 இலட்சம் மூலகங்கள் வேண்டும். ஆகவே முழுப் படகையும் பரும்படியாகக் கணித்து, இயந்திரம் பூட்டும் பின்பலகை, அணியத்தின் அடிப்பக்கம், ஒட்டுப் போட்ட ஓரம் ஆகிய இடங்களை மட்டும் வெட்டியெடுத்து நுணுக்கமாகக் கணிப்பதே செய்யத்தக்கது.

சோதனை எண்களை எடுத்துக்கொள்வதிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரே திசை நார்ப் பட்டியில் வெடிப்பு ஓடும்போது சில நார்கள் இரு பக்கத்தையும் பாலம்போலப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் வெடிப்பு நீள நீள முறிவுச் சக்தி கூடுவதுபோலத் தோன்றும். வெவ்வேறு திசை நார்கள் சந்திக்கும் உண்மையான அடுக்கிடையில் அந்தத் துணை கிடைக்கும் என்று நம்பக்கூடாது. தொடக்கத்தில் அளந்த சிறிய எண்ணையே வடிவமைப்புக்கு எடுக்க வேண்டும். மீண்டும் மீண்டும் வரும் சுமையால் நேரும் களைப்பு முறிவில் நிலை இன்னும் கடுமையானது. ஒரு சுழற்சிக்கு வெடிப்பு எவ்வளவு நீளும் என்பது வெளியீட்டுச் சக்தியின் ஓர் உயர்ந்த படியைப் பொறுத்தது. அந்தப் படி 6 என்று கொண்டால், சுமை 10 வீதம் கூடும்போது வெளியீட்டுச் சக்தி 21 வீதம் கூடி, வெடிப்பின் வேகம் 3 மடங்கைத் தாண்டிவிடுகிறது. அலையின் சுமையை 10 வீதத் துல்லியத்தோடு யாரால் சொல்ல முடியும்? விமானத் துறை, பிரிவு வளரவே கூடாது என்ற வரம்புக்குள் வடிவமைப்பதை விரும்புவது இதனால்தான். நாமும் அதையே பின்பற்ற வேண்டும்.

2023 யூன் 18 அன்று ரைற்றானிக் கப்பலின் சிதைவை நோக்கி இறங்கிய ரைற்றன் நீர்மூழ்கி நொறுங்கி அதிலிருந்த 5 பேரும் இறந்தது உலகறிந்த செய்தி. அதன் உடல் 5 அங்குலத் தடிப்புள்ள காபன் நார் உருளை. ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக ஐந்து தடவை சுற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்கி, மேற்பரப்பைத் தேய்த்து, அடுத்ததை ஒட்டிக் கட்டப்பட்டது. 2022 யூலையில் அதன் 80 ஆவது மூழ்கலின் முடிவில் பெரும் வெடியொலி கேட்டது. அதற்குப் பின் உடலில் பொருத்தியிருந்த, நீட்சியையும் நெருக்கத்தையும் அளக்கும் விகாரமானிகளின் அளவுகள் மாறின. அந்த வேளையிலேயே அடுக்குகள் பிரிந்துவிட்டன என்று விசாரணையாளர்கள் விளக்கினர். பொருள் தன் நிலையைச் சத்தமாகவே அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பைச் சரியாக ஆராய்ந்து பார்க்கும் வேலைதான் நடக்கவில்லை.

இறுகிய அடுக்கின்மேல் பிறகு ஒட்டும் அடுக்கு என்ற அந்தப் பலவீனம் நம் கரையிலும் நாளாந்தம் நடப்பது. மாலையில் மூன்று அடுக்குப் போட்டுவிட்டு, மறுநாள் தேய்க்காமல் அதன்மேல் தொடர்ந்தால், இரசாயனப் பிணைப்பு கிடைக்காமல் வெறும் ஒட்டு மட்டுமே கிடைக்கும். காற்று கொண்டுவரும் மெல்லிய மணலும் உப்பும் அந்த ஒட்டையும் கெடுக்கும். றோவிங்குக்கு மேல் றோவிங்கை நேரடியாக வைப்பதும் அப்படித்தான். இடையில் வரும் மட் பின்னலின் பள்ளங்களை நிரப்பி, வெடிப்பு நேர்கோட்டில் ஓடாதபடி குறுக்கும் நெடுக்குமான நார்களால் தடுக்கிறது; செலவைக் குறைப்பதற்காக மட்டைத் தவிர்த்த படகுகளைக் கண்டு எனக்கு மெய்யாகவே வருத்தம் உண்டு. ஒட்டுப் போடும்போது ஓரத்தைச் செங்குத்தாக நிறுத்தாமல் தடிப்பின் 12 மடங்கு நீளத்துக்குச் சரித்துத் தேய்ப்பதும் முறிவு விதியிலிருந்து நேரடியாக வருவதே. திடீரென முடியும் ஓரத்தில்தான் வாய் பிளக்கும் தகைப்பு குவிகிறது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. முல்லைத்தீவுப் பட்டறைகள் அங்கிருந்து ஒரு பகற்பொழுதில் போய்வரும் தூரத்தில்தான் உள்ளன. ஒவ்வொரு படகையும் அச்சில் போடும் அன்றே, அதே றெசின் கலவையால், அதே அடுக்கு வரிசையில், பக்கத்தில் ஒரு சிறிய தட்டையான பலகையும் போட்டு வைக்கலாம். நடு அடுக்கில் ஒரு முனையில் மட்டும் ஒட்டாத மெல்லிய தாள் செருகப்பட வேண்டும். நியமம் 13 மைக்குறோமீற்றருக்கு மேற்படாத தாளைக் கேட்கிறது. கடையில் கிடைக்கும் பொலித்தீன் அதைவிடத் தடித்ததென்றால் வெடிப்பின் முனை மழுங்கி, முறிவுச் சக்தி உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். அப்போது அளக்கத் தொடங்குமுன் வெடிப்பை மூன்று முதல் ஐந்து மில்லிமீற்றர் வரை மெதுவாக ஓடவிட்டுக் கூராக்கிக்கொள்ள வேண்டும். பலகையிலிருந்து 25 மில்லிமீற்றர் அகலப் பட்டிகளை வெட்டி, ஓரத்தில் வெள்ளை மை பூசி மில்லிமீற்றர் கோடுகளைக் கீறி, முனையில் பிணைச்சல் ஒட்டி, திருகாணியால் விரித்து, வேணியர் இடுக்கியால் விலகலையும் சிறிய விற்றராசால் விசையையும் குறித்துக்கொண்டு போகலாம். நான் மேலே காட்டிய கணக்கின்படி விசை 50 நியூற்றன் அளவிலும் விலகல் 5 மில்லிமீற்றர் அளவிலும் இருக்கும். இரண்டும் சாதாரண கருவிகளுக்கு எட்டியவை. ஒரு பட்டியைக் காய்ந்த நிலையிலும் இன்னொன்றைக் கடல்நீரில் சில வாரங்கள் ஊறவைத்தும் சோதித்து, இரு எண்களையும் திகதியோடும் அடுக்கு வரிசையோடும் படகின் பதிவுக் கொப்பியில் எழுதிவிட்டால், அடுத்த முறை அண்ணை சோக்கட்டியால் கோடு போடும்போது அவர் கையிலுள்ள சாண் அந்தப் படகுக்கு எத்தனை அங்குலம் என்று கணித்துச் சொல்ல முடியும்.